உறைந்த விதம்



பஞ்சுமிட்டாயும் கற்கண்டும் ஒரே சர்க்கரைதான். பாகு சட்டென்று ஆறினால் மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே தாறுமாறாக உறைந்துவிடும். நிதானமாக விட்டால் வரிசை கட்டிப் படிகமாகும். தண்ணீரின் கதையும் இதுதான். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் உறைவது படிகம். ஆனால் நட்சத்திரங்களுக்கு இடையிலான இருண்ட முகில்களில் குளிர் மைனஸ் 260 டிகிரியையும் தாண்டும். அங்கே தூசித் துகளின் மேல் ஒட்டும் நீர் மூலக்கூறுக்கு நகர்ந்து இடம் தேடத் தெம்பு ஏது? ஆகவே விண்வெளிப் பனிக்கட்டி துளியும் ஒழுங்கில்லாதது என்பதுதான் வெகுகாலமாக இருந்த கருத்து.

2025-இல் அதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அசைத்துப் பார்த்தன. கணினிக்குள் நீர் மூலக்கூறுகளை ஒரு பெட்டியில் அடைத்து, மைனஸ் 120 டிகிரி வரை பல வேகங்களில் குளிர வைத்தார்கள். வேகத்துக்கேற்பப் படிகத்தின் பங்கு கூடியது, குறைந்தது. ஆய்வகப் பனிக்கட்டியில் எக்ஸ் கதிர் காட்டிய அமைப்போடு ஒப்பிட்டபோது, ஒழுங்கே இல்லாத மாதிரி சரியாகப் பொருந்தவில்லை. சுமார் 20 சதவீதம் வரை படிகம் கலந்த மாதிரிதான் பொருந்தியது. அந்தப் படிகங்கள் 3 நானோமீட்டர் அகலமே உள்ள பொடிகள்.

கணினி சொன்னால் ஆயிற்றா? இத்தகைய கணக்கில் ஓர் அடி என்பது ஒரு நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது. எத்தனை கோடி அடி வைத்தாலும் ஒரு கண்ணிமைப்பைக்கூட எட்ட முடியாது. விண்வெளியோ லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அவர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெவ்வேறு வழிகளில் உருவாக்கிய ஒழுங்கற்ற பனிக்கட்டிகளை மெல்லச் சூடாக்கிப் படிகமாக்கினார்கள். நிஜமாகவே ஒழுங்கற்றவை என்றால் முடிவில் எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை! பிறந்த வழிக்கேற்பப் படிகத்தின் அமைப்பு வேறுபட்டது. உள்ளே ஏற்கெனவே ஏதோ வரிசை ஒளிந்திருந்தது என்றுதானே பொருள்?

ஆறிய விதத்தின் தடயம் உலோகத்திலும் உண்டு. வானிலிருந்து விழும் இரும்பு விண்கற்கள் இரும்பும் நிக்கலும் சேர்ந்த கலவை. அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் நிக்கல் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளந்து, அது பரவிய வேகத்தைக் கணக்கிட்டால், உலோகம் ஆறிய வேகம் கிடைக்கும். ஜான் வுட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964-இல் இதைச் செய்து காட்டினார். பல கற்களுக்குக் கிடைத்த விடை, பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு சில டிகிரி! அவ்வளவு மெதுவாக ஆற வேண்டுமானால், மேலே கனத்த பாறைப் போர்வை இருந்திருக்க வேண்டும். அந்தக் கற்கள் பிறந்த, உடைந்துபோன ஒரு குட்டிக் கோளின் பருமனை இப்படித்தான் ஊகிக்கிறார்கள்.

பனிக்கட்டிக்கே வருவோம். உயிருக்கு வேண்டிய கரிம மூலக்கூறுகளை வால்மீன்கள் தங்கள் பனிக்கட்டிக்குள் வைத்துப் பூமிக்குச் சுமந்து வந்தன என்றொரு கருத்து உண்டு. படிகம் கலந்த பனிக்கட்டியில் அவை தங்க இடம் குறைவு. அந்த அளவில் கருத்துக்குச் சற்று அடிதான். ஆனால் முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒழுங்கற்ற பகுதி இன்னும் முக்கால் பங்குக்குமேல் மிச்சமிருக்கிறதே.