திரௌபதியின் முந்தானை: ஆனந்த தேவியின் நாவலும் நமது தீமிதியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எழுத்தாளர் தமிழில் எழுதுபவர் அல்லர். தமிழர் குடும்பத்தவரும் அல்லர். மொரீஷியஸ் தீவில் தெலுங்கு வழிவந்த குடும்பத்தில் 1957ஆம் ஆண்டு பிறந்து, பிரெஞ்சு மொழியில் எழுதி, நீண்ட காலமாகப் பிரான்சின் எல்லையோர ஊரான ஃபெர்னே-வோல்தேரில் வாழ்ந்துவரும் ஆனந்த தேவி அவர். ஆப்பிரிக்கப் பிரெஞ்சு இலக்கியம் பேசப்படும் இடங்களில் எல்லாம் இப்பெயர் முன்வரிசையில் இருக்கும். அப்படிப்பட்டவரைப் பற்றிப் பேசத் தமிழுக்கென அமைந்த இந்த மேடை எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும்.

அதற்கான விடை இந்தச் சைனாடவுனிலேயே, சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலைச் சொல்கிறேன். பக்கத்திலுள்ள பகோடா ஸ்ட்ரீட் தன் பெயரை அக்கோயிலின் கோபுரத்திலிருந்து பெற்றது. அதே தெருவில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் கூலிகளை அடைத்துவைத்த விடுதிகள் இருந்தன. கோயிலின் உள்ளே 1840 முதல் ஆண்டுதோறும் தீமிதி நடந்துவருகிறது. தீபாவளிக்கு முந்திய நாள்களில், சிராங்கூன் சாலையின் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வருவோர், திரௌபதி அம்மனை வணங்கிப் பூக்குழியில் இறங்குகின்றனர். லிட்டில் இந்தியாவையும் சைனாடவுனையும் ஓரிரவில் ஒரே தெருவாக்கிவிடும் நடை அது.

ஆனந்த தேவி 1993இல் பாரிசில் வெளியிட்ட நாவலின் பெயர் ‘லெ வுவால் து திரௌபதி’. அதன் மையத்தில் இருப்பதும் தீமிதியே.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஞ்சலி என்னும் இளந்தாயின் மகன் மூளைக்காய்ச்சலால் கிடக்கிறான். மருத்துவம் கைவிரிக்கும் நிலை. குழந்தை பிழைக்க வேண்டுமானால் நீ தீ மிதிப்பதாக நேர்ந்துகொள் என்று கணவன் தேவ் கேட்கிறான். பிறகு அவனுடைய குடும்பமும் கேட்கிறது. நாள் செல்லச் செல்ல அந்தக் கேள்வி கட்டளையாகிறது. அஞ்சலிக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவள் மிதித்தால் அது நேர்த்திக்கடன் ஆகுமா? மிதிக்காமல் குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பழியை யார் சுமப்பது? நாவல் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்கிடையே ஓர் இடுக்கில் நிற்கிறது. முடிவை நான் இங்குச் சொல்லப்போவதில்லை. படிக்கப்போகிறவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

இந்நாவலை நான் முதன்முதலில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தேன். பிரெஞ்சு எனக்கு நடுவயதில் வந்த மொழி. ஆனால் பூக்குழி வரும் பக்கங்களில் அகராதி தேவைப்படவில்லை. மஞ்சள் தெரிந்தது, வேப்பிலை தெரிந்தது, குழியின் முடிவில் கால் நனைக்கும் பால் தெரிந்தது. பாட்டியார் கைபிடித்துச் சிறுவயதில் நான் நின்று பார்த்த இடம் வேற்றுமொழியில் எழுந்து வந்ததுபோல் இருந்தது. அதற்கடுத்த கணமே ஒரு வேறுபாடும் உறைத்தது. நம் கோயிலில் நெருப்பைக் கடப்போர் ஆண்கள். பெண்கள் பால்குடம் ஏந்துகிறார்கள், கும்பிடுதண்டம் இடுகிறார்கள், பூக்குழியை வலம் வருகிறார்கள். ஆனால் குழியில் இறங்குவதில்லை. மொரீஷியஸிலோ பெண்களும் இறங்குகின்றனர். அங்கே தெய்வத்துக்கு ஒப்புக்கொடுப்பது பெண்ணின் உடல். இங்கே தடுத்து நிறுத்தப்படுவது பெண்ணின் உடல். இரண்டு இடத்திலும் அவளைக் கேட்டார்களா என்பதுதான் ஆனந்த தேவி எழுப்பும் வினா. நெருப்பில் இறங்கியவள் திரௌபதி என்று சொல்லும் வழிபாட்டில் இந்த வினா எழாமல் இருந்ததே எனக்கு வியப்பாக இருக்கிறது.

நூலின் தலைப்பைத் தமிழாக்கப் புகுந்தபோதுதான் என் உண்மையான சிக்கல் தொடங்கியது. ‘வுவால்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆண்பாலில் முகத்திரை. அதே சொல் பெண்பாலில் கப்பலின் பாய். கப்பலேறி வந்தவர்களின் தீவில் எழுதப்பட்ட நூலுக்கு இந்த இரட்டைப்பொருள் எதிர்பாராமல் வாய்த்த கொடை. தமிழில் ‘முக்காடு’ என்று எழுதிப் பார்த்தேன். நம் திரௌபதிக்கு முக்காடு பொருந்தவில்லை. ‘துகில்’ என்று மாற்றினேன். உடனே சபை நினைவுக்கு வருகிறது, துச்சாதனனின் கை நினைவுக்கு வருகிறது. பெண் என்றால் உரியப்படுபவள் என்பதோடு பொருள் நின்றுவிடுகிறது. பிறகுதான் பாட்டியார் சொல்லக் கேட்ட ஒன்று நினைவில் எழுந்தது. பக்தர்களின் கால் சுடாதிருக்க அம்மன் தன் முந்தானையைத் தணலின்மீது விரித்து வைத்திருப்பாள் என்பார் அவர். உரியப்பட்ட அதே துணி இங்கே பிறரைக் காக்கும் துணியாகிறது. அதனால் ‘முந்தானை’ என்று எழுதினேன். இது சரியான மொழிபெயர்ப்புதானா என்று பிரெஞ்சு அறிந்தோர் என்னோடு வாதிடலாம். ஆயினும் அஞ்சலியின் துயரம் அந்தச் சொல்லில்தான் முழுமையாக இருக்கிறது: எல்லார் காலுக்கும் அடியில் விரிக்கப்படுவது அவள் வாழ்க்கை.

மொரீஷியஸின் பின்னணியைச் சிறிது சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் வசமானது. அடிமைமுறை ஒழிந்த காலத்தில், 1834 தொடங்கி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். மொத்தம் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. அவர்களின் வழிவந்தோர் இன்று வீட்டில் பெரும்பாலும் பேசுவது கிரியோல். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை உண்டு. பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் புதிய பணத்தாளில் தமிழும் இந்தியும் இடம் மாறியபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். தமிழ்ப் பக்திப் பாடல்களை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோரும் அங்கே உள்ளனர். மொழி வாயிலிருந்து அகன்ற பிறகும் சடங்கு காலில் தங்கியிருக்கிறது.

அப்படித் தங்கிய சடங்கை எவ்வாறு எழுதுவது? ஆனந்த தேவி லண்டனில் சமூக மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வாளராக வெளியே நின்று விளக்கியிருக்கலாம். சுற்றுலா வருவோர்க்குக் காட்டும் காட்சியாகவும் ஆக்கியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. குழியின் விளிம்பில் நிற்கும் ஒருத்தியின் குரலையே கதைசொல்லும் குரலாக்கினார். பக்தியை அவர் ஏளனம் செய்வதுமில்லை. பிறர் பக்திக்கு ஒருத்தி விலை கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கிறார்.

இக்கேள்வி அவருடைய பிற நூல்களிலும் வேறு வேறு உருவில் வருகிறது. 2001இல் வந்த ‘பக்லி’யில் குடும்பத் தூய்மையின் காவலர்களான பெண்களே மருமகளை ஒடுக்குகிறார்கள், அவள் காதலிப்பதோ ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மீனவனை. இந்திய வம்சாவளிப் பெருமை பேசுவோருக்கு அந்நூல் உவப்பாக இராது. 2006இன் ஏவாள் நாவல் போர்ட் லூயியின் புறத்தே கைவிடப்பட்ட குடியிருப்பொன்றில் நான்கு இளையோரைப் பின்தொடர்கிறது. அவ்வாண்டின் ஐங்கண்டப் பரிசு அதற்குக் கிடைத்தது. 2009இன் ‘பச்சைச் சேலை’ என் கணக்கில் அவருடைய மிகக் கொடிய நூல். சாகக் கிடக்கும் கிழட்டு மருத்துவர் ஒருவர், தாம் வதைத்த மனைவியைப் பற்றி மகளும் பேத்தியும் கேட்க, தம் வாயாலேயே பேசுகிறார். அதை ஒரே மூச்சில் படிக்க என்னால் இயலவில்லை. இரு முறை மூடிவைத்தேன். 2024ஆம் ஆண்டுக்கான நியூஸ்டாட் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது உலகம் முழுவதும் அவரைப் பற்றி எழுதினார்கள்.

அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடும் ஆசை நமக்கு எழுவது இயல்பு. பெயரில் தேவி இருக்கிறது, கதையில் திரௌபதி இருக்கிறாள். ஆனால் உறவு கொண்டாடுவதற்கு முன் அவர் நம்மிடம் கேட்பதற்கு நாம் செவிகொடுக்க வேண்டும். பெண்கள் பூக்குழியில் இறங்க வேண்டும் என்று வாதாட நான் இங்கு வரவில்லை; அது கோயிலைச் சார்ந்தவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டியது. ஆனால் பால்குடம் ஏந்தி இருமுறை நடந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். ஏன் குழியைச் சுற்றி மட்டும் வருகிறோம் என்று அந்த இரு முறையும் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றியதே ஒரு பிரெஞ்சு நாவலைப் படித்த பிறகுதான். என் மொழியில் இல்லாத நூல் என் ஊர்க் கோயிலைப் பற்றி என்னிடம் பேசியது.

என் பயிற்சிக்காகச் செய்த மொழிபெயர்ப்பு முப்பது பக்கங்களோடு நிற்கிறது. முதல் பக்கத்தில் ‘முந்தானை’ என்ற சொல்லைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். உங்களுள் மூத்தோர், தணலின்மீது அம்மன் விரிப்பது எது என்று உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேலையா, கூந்தலா, முந்தானையா? கேள்வி நேரத்தில் அதை எனக்குச் சொல்லுங்கள்.