மாமையும் மாநிறமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மொபைல் கேமரா சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற, அதைப் பத்திப் பேசு, ஆனா போர் அடிக்காம பேசு" என்று செயலாளர் சொன்னார். பெண்களின் அழகைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "டேய், உங்க வீட்டம்மா விடுவாங்களா?" என்று கேட்டார். அவர்கள் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இருந்தாலும் தைரியமாக ஆரம்பிக்கிறேன். கேமராவும் கடைசியில் வரும்.

நேற்று வந்து இறங்கியவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை என்று பிள்ளைகளிடம் சொல்லியும் இருப்பீர்கள். ஆனால் அந்த வாசலில் நுழையும்போது இரண்டு பக்கச் சுவரையும் நாம் பார்ப்பதே இல்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே நடனப் பெண்களின் கரணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தஞ்சாவூர், சிதம்பரம், கும்பகோணம், விருத்தாசலம் என்று கரணச் சிற்பங்களுக்குப் பேர்போன கோயில்களில் நம்முடையதும் ஒன்று. அடுத்த முறை ஓரமாக ஒதுங்கி நின்று பாருங்கள். தோள் உருண்டு, தொடை வலுவாக, காலைத் தூக்கினால் தாங்கி நிற்கிற உடம்பு. இன்றைய விளம்பரக் கம்பெனி எதுவும் அந்தப் பெண்களை மாடலாக எடுக்காது.

உள்ளே போனால் உண்ணாமுலை அம்மன். அந்தப் பெயரை நம் முன்னோர் கூச்சப்படாமல் சொன்னார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கருவறையில் இருப்பது கருங்கல். எண்ணெயும் அபிஷேகமும் பட்டுப் பட்டுப் பளபளக்கிற கருப்பு. அதைப் பார்த்து "அம்மன் கொஞ்சம் கலர் கம்மி" என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? கல்லிலும் வெண்கலத்திலும் அழகு என்றால் வளைவு, நிற்கிற நிலை, முகத்தின் அமைதி. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவம் என்று சொல்லப்படும் பத்தாம் நூற்றாண்டு வெண்கலச் சிலை ஒன்று வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் இருக்கிறது. நீண்ட உடல், சரிந்த தோள், மெல்லிய இடை, அகன்ற இடுப்பு. அந்தச் சிலையின் தோல் நிறம் என்ன என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

சரி, சிற்பத்துக்குத்தான் நிறம் கிடையாது, பாட்டில் உண்டே என்பீர்கள். உண்டு. அங்கேதான் எனக்கு ஆச்சரியம். சங்கப் பாடல்களில் தலைவியின் நிறத்துக்கு ஒரு சொல் வருகிறது: மாமை. மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்வார்கள். பளபளப்பும் கருமையும் கலந்த நிறம். அதற்கு எதிராக இன்னொரு சொல்: பசலை. பிரிவுத் துயரத்தில் உடம்பு வெளுத்துப் போவது. அதாவது, வெளுப்பது நோய்! தன் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறது என்ற பொருளில் குறுந்தொகையில் பாடியிருப்பவர் வெள்ளிவீதியார், ஒரு பெண் புலவர். அவரிடம் போய், "அம்மா, ஆறே வாரத்தில் உங்களுக்குப் பசலை வரவைக்கும் க்ரீம் இருக்கிறது" என்று யாராவது விற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொன்னிறத்தைப் பாராட்டிய பாடல்களும் நம்மிடம் உண்டு. வெயிலில் நாற்று நட்டவள் கருப்பு, நிழலில் இருந்தவள் சிவப்பு என்ற சாதிக் கணக்கும் சொத்துக் கணக்கும் பழசுதான். வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தான் என்று பழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் ஒரே ஒரு நிறம் வீட்டுக்கு வீடு, சுவருக்குச் சுவர் வந்து உட்கார்ந்தது எப்படி என்று கேட்டால், ஒரு பொறியாளனாக நான் கை காட்டுவது அச்சு இயந்திரத்தை.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஜெர்மன் தொழில்நுட்பத்தில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை. அதுவரை அரண்மனையில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் சில அணாவுக்கு ஏழை வீட்டுப் பூஜை அறைக்கு வந்தார்கள். புடவை கட்டிய, ரோஜா நிறக் கன்னமுள்ள தெய்வங்கள். கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் சாமி படம் கிடைத்தது, அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லக்கூடாது. கூடவே, தெய்வத்துக்கு ஒரு தோல் நிறமும் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொடர்ந்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). இவருக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, இங்கே ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் ஓவியங்கள் வரைந்து தள்ளினார். நம் வீட்டுச் சுவரில் தொங்கிய மீனாட்சி, முருகன், லட்சுமி எல்லாம் அநேகமாக அந்தப் பட்டறையின் வாரிசுகள்தான். கோவில்பட்டியில் அவர்கள் போட்டோ டச்சப் வேலையும் செய்தார்கள். காலண்டர் முகத்தின் மழமழப்பும் ஸ்டுடியோ முகத்தின் மழமழப்பும் ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஸ்டுடியோ என்றதும் என் அக்கா ஞாபகம் வருகிறது. 2005 வாக்கில் ஜாதகத்தோடு அனுப்ப போட்டோ எடுக்க இதே ஊரில் ஒரு கடைக்குப் போனோம். "தம்பி, லேசா லைட் பண்ணிடறேன், எல்லாரும் கேக்கறதுதான்" என்றார் கடைக்காரர். பண்ணிவிட்டார். படத்தில் அக்கா மாதிரியே ஒரு பெண் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மா கையிலிருந்த படத்தையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல நல்ல கலரா இருந்தாங்களே" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "மாநிறம்தாங்க" என்றார், ஏதோ கடன் பாக்கியைப் பற்றிப் பேசுவது மாதிரி.

பாருங்கள், மாமை எங்கே, அதற்குப் பக்கத்துச் சொல்லான மாநிறம் எங்கே. ஒன்று பெருமையாகச் சொன்னது, மற்றொன்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்வது. திருமண விளம்பரங்களில் இன்றும் மாநிறம் என்றால் "கருப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றுதான் அர்த்தம். அக்கா மறுநாளே தனியாக அதே கடைக்குப் போய், "எதையும் தொடாம ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணா" என்று வாங்கி வந்தாள். அடுத்து போன ஜாதகங்களோடு அந்தப் படம்தான் போனது. வந்த வரன்கள் குறைந்தன. வந்தவர்கள் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

சினிமாவை ரொம்ப இழுக்க விரும்பவில்லை, அதற்குத் தனி மலரே போடலாம். ஒன்று மட்டும். 1944-ல் ஹரிதாஸ் படத்தில் தமிழ்நாட்டையே கிறங்கடித்த டி.ஆர். ராஜகுமாரியின் பூசினாற்போன்ற உடம்புக்கு இன்றைக்குக் கதாநாயகி வேடம் கிடைக்காது. கதாநாயகன் கருப்பாக இருந்தால் அது ஸ்டைல், அவனுக்கு ஜோடி மட்டும் வெள்ளையாக வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சந்தைக்கு வருவோம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. 1994-ல் உலக அழகி, பிரபஞ்ச அழகி இரண்டு பட்டமும் ஒரே வருடத்தில் இந்தியாவுக்கு வந்தன. பியூட்டி பார்லர் சின்ன ஊர்களுக்கும் வந்தது. 1998-ல் நம் பக்கத்துக் கடலூரில் தொடங்கிய நிறுவனமே ஃபேர்எவர் கொண்டுவந்தது. சென்னையிலிருந்து 2009-ல் "கருப்பே அழகு" என்ற பொருளில் ஓர் இயக்கம் கிளம்பியது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வருடம் ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. பெயரை மாற்றுவது சுலபம், ஆசையை மாற்றுவது கஷ்டம். பெயர் தெரியாத க்ரீம்கள் இன்னும் விற்கின்றன. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. காரணம் பாதரசம். மெலனின் உருவாவதைத் தடுக்கும், கூடவே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். டாக்டர்கள் துருவிக் கேட்ட பிறகுதான் முகத்துக்குப் பூசும் க்ரீம் என்ற சங்கதியே வெளியே வந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். கலர் ஃபிலிம் காலத்தில் லேபுகளில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம், பெயர் ஷர்லி. அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. நம் முகம் சேறு மாதிரி வந்தால் அது நம் தலையெழுத்து! எழுபதுகளில் மரச் சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும், "எங்க சரக்கு படத்துல சரியா தெரியல" என்று புகார் சொன்ன பிறகுதான் கருமையின் நுணுக்கங்களைப் பிடிக்கும் ஃபிலிம் பற்றி அக்கறை வந்தது. மனுஷ முகத்துக்கு வராத அக்கறை மேசைக்கு வந்தது.

ஃபிலிம் போய் மொபைல் வந்தது. பியூட்டி மோடு என்ன செய்கிறது தெரியுமா? முகத்தைக் கண்டுபிடித்துப் புள்ளிகள் வைக்கும். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கும், தாடையைக் குறுக்கும், தோலின் மேடுபள்ளங்களை மழுக்கும், தோல் என்று நினைக்கிற பகுதியின் வெளிச்சத்தை ஏற்றும். எவ்வளவு ஏற்றுவது என்பது ஓர் எண். அந்த எண்ணை யாரோ ஒருத்தர் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து வைக்கிறார். கல்லூரியில் நம்மோடு படித்தவராகக்கூட இருக்கலாம். அந்தக் காலத்துச் சிற்பி வைத்த அளவு ஒரு கோயில் சுவரில் நின்றது. இது கோடிக்கணக்கான கைகளில், யாரும் கேட்காமலே ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைக்குத் தன் முகம் என்று அது காட்டுவதுதான் முதலில் தெரிகிறது, கண்ணாடி அப்புறம்தான்.

இது அழகு விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருத்த தோல் பெண்களிடம் ஒரு மென்பொருளில் 34.7 சதவீதம். பழக்கிய படங்களில் யார் இல்லையோ, அவர்களை மெஷின் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு வேலை நடக்காமல் இல்லை. 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் கருத்த தோலை உள்ளபடி காட்ட முயற்சி எடுத்தது. 2022-ல் எல்லிஸ் மங்க் என்ற பேராசிரியர் உருவாக்கிய பத்து நிறப் படிநிலையை வெளியிட்டது.

ஆனால் நம் தோலுக்கு நம் வெயிலிலும், நம் டியூப்லைட்டிலும், கார்த்திகை தீப வெளிச்சத்திலும் சோதனை செய்ய வேண்டியது நாம்தானே? அதனால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருடம் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கிற புராஜெக்ட் உதவியில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். முன்வருகிறவர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, ஒரே முகத்தை ஐந்து வகை வெளிச்சத்தில், சந்தையில் உள்ள பத்து போன்களில் எடுத்து, கருவியால் அளந்த உண்மையான தோல் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். எந்தப் போன் எவ்வளவு வெளுக்கிறது என்று அட்டவணை வரும். முகம் யாருடையது என்பது வெளியே போகக்கூடாது. மாணவிகள் இருவராவது குழுவில் இருக்க வேண்டும். அளவெடுக்கும் கருவி நான் வாங்கித் தருகிறேன். கேமரா கம்பெனிகளில் இருக்கும் நம் நண்பர்கள், எனக்குத் தெரிந்தே ஆறு பேர், அந்த அட்டவணையைத் தங்கள் டீமில் மேசை மேல் வைத்தால் போதும்.

பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பார்க்கலாம். மூன்று மணிக்கு குரூப் போட்டோ. எடுக்கப்போகிற தம்பியிடம் பியூட்டி மோடை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.