எட்டு ஊர் ஓட வேண்டாம். மூன்று ஊர் போதும்!

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் நிகழ்ச்சிக்காக புக்கிட் பெலண்டோக்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

1998 ஜூனில் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது. இங்கிருந்து வெகு தூரமில்லை. செம்பனை மரங்களுக்கு மேலே விமானம் தாழ்வாகப் பறப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆனால் அந்த விமானத்தில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அவ்வளவாக உயர்வதில்லை. சற்று முன் நானே கேட்டுப் பார்த்தேன்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் ஓர் அக்காள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்கிறார். இத்தனை வருசமாக ஊரார் பெட்டியை ஏற்றியவர். இந்த டிசம்பரில் எங்கள் பெட்டி ஏறப் போகிறது. மகனுக்கு ஆறு வயது. மாமியாரும் வருகிறார். இந்தத் திட்டம் சரியா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தாளில் என்ன இருந்தது தெரியுமா? சென்னை, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, இராமேஸ்வரம், பழனி. எட்டு ஊர். தங்கப் போவது எட்டே இரவு! இதற்கு நடுவில் மாமனாரின் பூர்வீகக் கிராமத்தையும் தேடிப் பார்க்க வேண்டுமாம்.

அக்காள் மீது குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருசம் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம். 'இனிமேல் எப்போது போகப் போகிறோம், போகிற போக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்' என்ற எண்ணம் யாருக்கும் வரும். அந்த எண்ணம்தான் ஆபத்து என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அந்தத் தாளை வைத்தே பேசுகிறேன். அக்காளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த எட்டு ஊரையும் சுற்றித் திருச்சிக்கு வந்து விமானம் ஏறினால், சாலை தூரம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். நமக்குப் பிளஸ் நெடுஞ்சாலை பழக்கம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ இருநூறு கிலோமீட்டர்; இரண்டரை மணி நேரத்தில் போய்விடுவோம். தமிழ்நாட்டிலும் நான்கு வழிச் சாலைகள் இருக்கின்றன. ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து சிதம்பரம் என்று குறுக்கே போகும்போது வழியெல்லாம் ஊர், சந்தை, மாடு, பேருந்து. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் போனாலே அதிகம். அப்படியானால் இருபது மணி நேரத்துக்கு மேல் அந்த ஆறு வயதுப் பையன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி, இரவில் வேறு அறையில் பிரிக்க வேண்டும். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வரும். நான்காம் நாள் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள மாட்டார்கள்!

அது மட்டுமல்ல. நம் நாட்டில் குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. அங்கே வாடகைக் காரில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீண்ட தூரத்துக்கு ரயிலை நம்புங்கள். கார் பிடித்தால் பகலில் மட்டும் போங்கள். பிள்ளையைப் பின்னிருக்கையில் வார் போட்டு உட்கார வையுங்கள். இரவு முழுக்க ஓட்டி விடியற்காலையில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எந்த ஓட்டுநர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிள்ளையின் கடிகாரம்

பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். 'இது என்ன பெரிய வித்தியாசம்' என்று நினைப்போம். பள்ளிப் பேருந்துக்காகக் காலை 6 மணிக்கு எழுந்து பழகிய பிள்ளை, அங்கே 3.30க்கு விழித்துக்கொண்டு "அம்மா, பசிக்குது" என்பான். இங்கே இரவு 9.30க்குத் தூங்குகிறவனுக்கு அங்கே 7 மணிக்கே கண் சொருகும். நீங்களோ அந்த நேரத்தில்தான் அவனைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குள் நுழைவீர்கள். அவன் தரையில் புரண்டு அழுதால் குற்றம் அவனுடையதா?

இதையே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பெரிய கோவில்கள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு, வெயிலும் இல்லை. நண்பகலில் பல கோவில்களில் நடை சாத்திவிட்டு, மாலை 4 மணிவாக்கில்தான் மீண்டும் திறப்பார்கள். பிள்ளைக்குத் தூக்கம் வருவதும் அந்த நண்பகலில்தான். ஆகவே காலையில் ஒரே ஓர் இடம், மதியம் அறையில் தூக்கம், மாலையில் பக்கத்திலேயே ஒரு சுற்று. ஒரு நாளைக்கு இது போதும். பாட்டிக்கும் இதுதான் தாங்கும்.

வெயில் ஏறிய பிறகு தஞ்சைப் பெரிய கோவிலின் கல்தரையில் பிள்ளையை வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். சூடு பொறுக்காது. காலுறை ஒன்று கையில் இருக்கட்டும். அந்தக் கோவில் 1010-இல் இராசராசன் கட்டி முடித்தது. அங்குள்ள இராசேந்திரனின் கல்வெட்டு ஒன்றில் கடாரம் என்ற பெயர் வருகிறது. நம்முடைய கெடாதான்! ஆறு வயதுப் பிள்ளைக்கு வரலாறு புரியாமல் போகலாம். 'நம் நாட்டுப் பெயரை இங்கே ஆயிரம் வருசத்துக்கு முன்பே செதுக்கி வைத்திருக்கிறார்கள்' என்றால் கண்டிப்பாகப் புரியும்.

இன்னொன்று. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் கைப்பேசி கொண்டு போக முடியாது. தமிழ்நாட்டுக் கோவில்களில் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கூட்டத்தில் பிள்ளை கையை விட்டுவிட்டால் எப்படிக் கூப்பிடுவீர்கள்? பிள்ளையின் சட்டைப் பைக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அவன் பெயர், தங்கியிருக்கும் விடுதியின் பெயர், விடுதியின் தொலைபேசி எண். தமிழிலேயே எழுதுங்கள். உள்ளே நுழையும் முன்பு, 'ஆள் தவறினால் இந்தக் கொடிமரத்தடியில் நில்' என்று காட்டிவிட்டுப் போங்கள். ஆறு வயதுப் பையன் இதை நன்றாகவே நினைவில் வைத்துக்கொள்வான்.

காகிதங்கள்

முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்து, விமானச் சீட்டை வாங்கி, கடைசியில் பாஸ்போர்ட்டைத் தேடுகிறவர்கள் நம்மில் அதிகம். பாஸ்போர்ட் முதலில் வர வேண்டும். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டையுடன் பிள்ளையையும் நேரில் கூட்டிச் செல்ல வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்குப் பிள்ளைக்கும் தனி விசா வேண்டும். இணையம் வழி விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்திய அரசின் அகப்பக்கத்தில் மட்டும். அதைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் பக்கங்கள் பணத்தைக் கறந்துவிடும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்றைக்கு உள்ளதைப் பாருங்கள்.

நம் பெயரில் நடுவே நிற்கும் அந்த ஏ/எல், ஏ/பி சங்கடத்தை எல்லாரும் அறிவோம். விமானச் சீட்டில் அந்தச் சாய்கோடு விழாது, அது பரவாயில்லை. ஆனால் எழுத்துக் கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்றால் இப்போதே பதிவிலாகாவுக்குப் போங்கள். டிசம்பரில் போனால் கதை நடக்காது.

பாட்டிமார்களின் அடையாள அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அது சிவப்பு நிறமாக இருந்தால் மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் தாய்மார்களை நான் சந்தித்திருக்கிறேன். விமானச் சீட்டு வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் அந்த முதியவர் மனசு என்ன பாடுபடும்? அக்காளின் மாமியாருக்கு நீல அட்டைதான். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பூர்வீகக் கிராமத்தைத் தேடுகிறவர்கள் பழைய காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்று இருப்பதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தப் பழைய ஜில்லாவிலிருந்து பிரிந்தவைதான் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். 'தஞ்சாவூர் ஜில்லா' என்றால் இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று எதுவாகவும் இருக்கலாம். தாலுக்கா பெயரையும் பக்கத்து ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு. தவறான ஊரில் போய் இறங்கி, தெரியாதவர் வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பிய குடும்பமும் உண்டு! கிராமத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

உடம்பு

நோய் பற்றி இந்த ஊருக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. 1999-இல் நிப்பா கிருமி வந்தபோது உலகமே புக்கிட் பெலண்டோக் பெயரைச் சொன்னது. நீங்கள் பட்டது போதும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளையைக் கிளினிக்கில் காட்டி, டைபாய்டு தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஊசி போட்டுக் குறைந்தது இரண்டு வாரம் கழித்துக் கிளம்புவது நல்லது. குடிக்கவும் பல் துலக்கவும் புட்டித் தண்ணீர். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்தாவது பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து போய், பல மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் கோவிலை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மிக முக்கியம், நாயும் குரங்கும். தோட்டத்து நாய்களோடு கட்டிப் புரண்டு விளையாடிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். இந்தியாவில் தெருநாய் மூலம் வெறிநோய் பரவுகிறது. கோவில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்ட விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, சிறு காயம்தானே என்று மஞ்சள் தடவிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். நோய் முற்றி வெளிப்பட்ட பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதத்தில் மூன்றாவது கணக்கைத் தொடங்கியது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக அதைப் பயணத்துக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் எண்ணிக்கையைக் குறைத்தாலே கார் வாடகையும் விடுதிச் செலவும் கணிசமாக இறங்கிவிடும். கூட்டுப் பணமே போதும்.

சரி, அக்காளின் தாளுக்கு வருவோம். நான் முதலில் எழுதிக் கொடுத்தது இது: திருச்சியில் நான்கு இரவு, மதுரையில் இரண்டு, சென்னையில் இரண்டு. தஞ்சாவூருக்குத் திருச்சியிலிருந்தே காலையில் போய்த் திரும்பலாம். ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். போக திருச்சிக்கும் வர சென்னையிலிருந்தும் சீட்டு எடுத்தால் வந்த வழியே திரும்பும் அலைச்சல் இல்லை. டிசம்பர் முதல் பாதியில் மழை பிடிக்கும். ஆகவே மாதக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றேன்.

அக்காள் தலையாட்டினார். பாட்டி மட்டும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இராமேஸ்வரம் விட்டுப் போச்சேய்யா. அங்கே அவருக்கு ஒரு திதி கொடுக்கணும்னுதான் நான் வர்றேன்" என்றார்.

அப்படியானால் விடவேண்டியது இராமேஸ்வரம் அல்ல, சென்னை. சென்னையில் இவர்களுக்கு இருந்தது துணிக்கடை மட்டும்தான். துணி வாங்கத் திருச்சி என்.எஸ்.பி. சாலையில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆக, திருச்சியில் மூன்று இரவு, மதுரையில் இரண்டு, இராமேஸ்வரத்தில் இரண்டு, கடைசி இரவு மீண்டும் திருச்சி, அங்கிருந்தே விமானம். சிதம்பரம், காஞ்சி, திருவண்ணாமலை, பழனி இந்தமுறை இல்லை.

மதுரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ரயிலில் போங்கள். 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். கடலுக்கு மேல் ரயில் போகும் என்று சொன்னதும் அந்தப் பையன் அம்மா மடியிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றுவிட்டான். ஆனால் இருபத்திரண்டு தீர்த்தங்களில் குளிக்கப் பாட்டியும் மகனும் மட்டும் போகட்டும். கல்தரை ஈரத்தில் வழுக்கும். பையன் அம்மாவோடு வெளியே இருக்கட்டும், காலையில் ரயிலில் பார்த்த கடலைப் பார்த்துக்கொண்டு.

பின்வரிசையில் ஓர் அண்ணன் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கண்ணே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது?