இறகுதிர்க்கும் கோழி

எங்கள் அயலிலே வசிக்கும் மூதாட்டி ஒருவர் ஐந்து கோழிகள் வளர்க்கின்றார். முட்டை விற்ற காசிலேதான் அவர் வீட்டுச் சில்லறைச் செலவுகள் நடைபெறுகின்றன. ஒரு நாள் மாலை அவர் என்னை அழைத்தார். "தம்பி, இந்தச் சிவப்புப் பேட்டுக்கு ஏதோ வருத்தம். செட்டையெல்லாம் கொட்டுண்ணுது, முட்டையுமில்லை. நாளைக்கு யாவாரி வந்தால் குடுத்துவிடப்போறன்" என்றார்.

கழுத்து வெறுமையாகி, வால் கட்டையாகி நின்ற அப்பறவையைக் காண எனக்கும் இரக்கமாகவே இருந்தது. ஆயினும், தீர்ப்புக் கூறுமுன் விசாரணை நடத்துவதன்றோ முறை?

முதலில், இறகு எவ்விடத்தில் இல்லை என்று பார்த்தோம். முதுகிலும் பிடரியிலும் மட்டும் இறகு தேய்ந்திருப்பின், அது பெரும்பாலும் சேவல் மிதிப்பதனால் உண்டாவது. நெஞ்சு மட்டும் வெறுமையாயின், அடைகிடக்கும் கோழி தானே இறகைப் பறித்திருக்கக்கூடும். வாலடியில் இறகு முறிந்து குருதி கசியுமாயின், மற்றக் கோழிகள் கொத்துகின்றன என்பது பொருள். இட நெருக்கடியும் புரதக் குறைவும் அப்பழக்கத்தைத் தூண்டும். குருதியைக் கண்ட கோழிகள் மேலும் கொத்துமாதலால், காயப்பட்டதை உடனே பிரித்துவிடல் வேண்டும். சிவப்புப் பேட்டிலோ காயம் ஒன்றுமில்லை.

அடுத்து, எச்சவாயைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கிப் பார்த்தோம். பேனுமில்லை, இறகின் அடியில் ஈர்க்கூட்டமுமில்லை. எனினும், செவ்வுண்ணியைப் பகலிற் காண்பதரிது. அது பகலெல்லாம் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து குருதி குடிப்பது. ஆகவே, இரவில் ரோச் விளக்குடன் சென்று, கோழி உறங்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியாலே துடைத்தோம். உண்ணி இருந்தால் துணியிற் செந்நிறக் கறை படியும். துணி வெள்ளையாகவே இருந்தது.

மறுநாட் காலை கழுத்தை உற்று நோக்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வெறுந்தோலில் முள்முள்ளாகப் புதிய இறகுகள் முளைத்திருந்தன! இது நோயன்று, ஏறத்தாழ ஒன்றரை வயதிற் கோழி முதன்முறையாகப் பழைய இறகைக் களைந்து புதியதை அணியும் பருவம். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, நெஞ்சு, உடல், செட்டை, வால் என அது தொடரும். இறகின் பெரும்பகுதி புரதமாதலால், அதனை ஆக்கும் காலத்தில் கோழி முட்டையிடுவதை நிறுத்துகின்றது. நன்றாக முட்டையிடும் கோழிதான் பெரும்பாலும் பிந்தித் தொடங்கி, ஒரேயடியாக இறகுதிர்த்து, அலங்கோலமாக நிற்கும். குறைவாக இடுவதோ முந்தித் தொடங்கி, மெல்ல மெல்ல உதிர்த்து, அழகாகவே காட்சியளிக்கும். தோற்றத்தைக் கண்டு விற்பவர் தம் சிறந்த கோழியையே இழந்துவிடுகின்றார்!

வியாபாரி வெறுங்கையுடன் திரும்பினார். மூதாட்டி தவிட்டுடன் எள்ளுப் பிண்ணாக்கும், உப்புக் குறைந்த கருவாட்டுத் தூளும் சிறிதளவு கலந்து கொடுத்தார். முளைக்கும் இறகில் குருதி ஓடுவதால், தொட்டால் நோகும். ஆகவே கோழியைத் தூக்காமல் விட்டார். புழுதி குளிக்க மணலும் வைத்தார். ஏறக்குறைய மூன்று மாதங்களில் சிவப்புப் பேடு புத்தாடை உடுத்து, மீண்டும் முட்டையிடத் தொடங்கிற்று.

உங்கள் வளவிலும் ஒரு கோழி இறகுதிர்க்குமாயின், கத்தியையோ வியாபாரியையோ தேடுமுன், ஒரு பகலும் ஓர் இரவும் அதனைக் கவனித்துப் பாருங்கள். கோழி சோர்ந்து, இரையெடுக்காதிருந்தால் மட்டும் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.