லிசு எழுத்தும் நம் எழுத்தும்



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘தோ’ என்பது ஹொக்கியனில் ‘பெரிய’ எனப் பொருள்படும். ‘பாயோ’ என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லின் வழிவந்தது. இப்பெயரைத் தமிழில் எழுதும்போது ஹொக்கியனுக்குரிய தொனி விடுபடுகிறது. தமிழில் தொனி சொற்பொருளை மாற்றுவதில்லை. ஆதலின் நம் எழுத்தில் அதற்குக் குறியும் இல்லை.

தொனி மாறினால் சொல்லே மாறும் மொழியை எவ்வாறு எழுதுவது? இதற்கு லிசு மொழி நல்லதொரு சான்று. சீனத்தின் யுன்னான், மியன்மார், தாய்லாந்து ஆகிய இடங்களிலும், இந்தியாவில் அருணாசலப் பிரதேசத்தின் சாங்லாங் மாவட்டத்திலும் லிசு மக்கள் வாழ்கின்றனர். அருணாசலத்தில் அவர்களை யோபின் என்றும் அழைப்பர்.

1915ஆம் ஆண்டையொட்டி, கரேன் இனத்தவரான சாரா பா தோவும் ஆங்கிலேயச் சமயப் பணியாளர் ஜேம்ஸ் ஃபிரேசரும் இம்மொழிக்கு எழுத்தமைக்க முனைந்தனர். உரோமன் பெரிய எழுத்துகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டனர்; அவை போதாத இடத்து, அவற்றையே தலைகீழாகத் திருப்பி வைத்தனர். ஆறு தொனிகளுக்கும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவற்றின் வடிவங்களையே தனித்தும் இணைத்தும் குறிகளாக்கினர். அச்சகத்தில் இருந்தவற்றைக் கொண்டே ஒரு மொழியின் செவிநுட்பம் தாளில் ஏறியது. 1992இல் சீன அரசு இவ்வெழுத்தை ஏற்றது. 2009இல் அது ஒருங்குறியிலும் இடம்பெற்றது.

நம் வரலாற்றிலும் இத்தகைய கவலை இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய மரபு. ஓலைச்சுவடிகளிலோ புள்ளி இடுவது அரிதாயிற்று. குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டியிருந்தது. அக்குறையைக் களைந்து, இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வேறுபாட்டை நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறப்படுகிறது.

இவ்வாறு பேணப்பட்ட வேறுபாடுகளை இன்று நாமே கைவிடுகின்றோம். கைப்பேசியில் தமிழை உரோமன் எழுத்தில் தட்டும்போது பள்ளியும் பல்லியும் ஒன்றாகின்றன. வாலை, வாளை, வாழை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஓருருவே கொள்கின்றன. கண் காணாத வேறுபாட்டை நாளடைவில் நாவும் மறக்கும். வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு, லகர ளகர ழகரங்களை நினைவூட்ட எழுத்தன்றி வேறு துணை யாது?

லிசு மக்களுக்குத் தம் மொழியின் ஒலியை எழுத்தில் காண 20ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நமக்கோ அது முன்னோர் வழி வந்த செல்வம். ஆதலின் மாணவர்களே, இன்று நீங்கள் அனுப்பும் முதல் செய்தியைத் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள்.