பெட்லம்: ஒரு சொல்லுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி

ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி சர்வர் படுத்துடுச்சு, ஆளாளுக்குக் கத்துறாங்க. கூச்சலும் குழப்பமும் கலந்த அந்தக் களேபரத்துக்கு ஆங்கிலத்துல பெட்லம்னு பேரு. 'டோட்டல் பெட்லம்'னு நானே சிரிச்சுக்கிட்டு சொல்லியிருக்கேன்.

1247-ல லண்டன்ல பெத்லகேம் மரியன்னை பேர்ல ஒரு மடம் தொடங்கினாங்க. பின்னாடி அது மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஆச்சு. பெத்லகேம்ங்கிற பேரு ஊர் வாயில தேய்ஞ்சு பெட்லம் ஆச்சு. 17, 18-ம் நூற்றாண்டுகள்ல அங்க இருந்த நோயாளிகளை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்துச்சு. அவங்க கூச்சல்தான் இந்தச் சொல்லுக்கு அர்த்தமா நின்னுடுச்சு.

அந்த மருத்துவமனை இன்னைக்கும் இயங்குது. சொல்லைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லலை. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா நம்ம பெட்லம் முடிஞ்சிடும். உள்ளே இருந்தவங்களுக்கு அப்படி முடியலை, அவ்வளவுதான்.