கடைமடைக்கு முதல் தண்ணீர்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர் பேசுவார் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். நான் கவிதை பற்றிப் பேசப்போவதில்லை. கத்தரிக்காய் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். கல்லூரி நாளிலிருந்து 'நிலம் எங்கள் உரிமை' என்று கோஷம் போட்ட வாய் இது. நிலம் கைக்கு வந்த பிறகு என்ன செய்வதென்று இந்த வாய்க்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நிலங்கள் கைமாறிப் போனதும் தெரியும். காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசையும் ஏழுமலையையும் பறிகொடுத்தோம். அவர்களை நினைக்காமல் மண்ணைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் சேரிக்குப் பின்னாலும் அப்படி 90 சென்ட். ஊர்க்காரர் ஒருவர் இரண்டு தலைமுறையாகச் சவுக்கு வைத்திருந்தார். மனுப் போட்டு, அலைந்து, மறியல் செய்து மீட்டது தனிக்கதை. மீட்ட அன்றைக்குப் பறையடித்து ஆடினோம். மறுநாள் காலை வெறும் கட்டாந்தரையும் சவுக்கு வேரும்தான் எதிரே கிடந்தன. மீட்பது ஒருநாள் வேலை என்றால், வைத்திருப்பது பன்னிரண்டு மாத வேலை.

18 குடும்பம். ஆளுக்கு 4 சென்ட் பாத்தி, ஆக 72. மிச்சம் 18 சென்ட் பொது: நாற்றங்கால், எருக்குழி, நடைபாதை, முருங்கை.

ஆடியில் தொடங்குவோம். பொது இடத்தில் மேட்டுப்பாத்தி போட்டுக் கத்தரி, மிளகாய் நாற்று விடுவோம். கத்தரி நாற்று 30, 35 நாளில் பிடுங்கி நடத் தயாராகிவிடும். வெண்டையும் கொத்தவரையும் நேரே ஊன்றுவது. வேலியோரம் அவரை, பீர்க்கு. முளைக்கீரை தூவினால் 25-ஆம் நாள் சட்டிக்கு வந்துவிடும். கையில் காசில்லாத வீட்டுக்கு முதல் தெம்பு அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீரை வெளியேற்றுவதே வேலை. வடிகால் வெட்டாவிட்டால் கத்தரி வேர் அழுகி நின்றபடியே வாடும். முதல் வருஷம் ஒருவர் வெட்டிய வடிகால் அடுத்தவர் பாத்தியில் போய் விழுந்தது. அடிதடி. பிறகுதான் வடிகால் பொதுவேலை ஆனது; மழை விட்ட காலையில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வரவேண்டும்.

மார்கழியில் அவரை பூக்கும், கூடவே அசுவினியும் வரும். பனி ஈரம் காய்வதற்குள் பெண்கள் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். கத்தரிக் குருத்து தலைசாய்ந்தால் உள்ளே புழு; கிள்ளி எரிக்கவேண்டும். பக்கத்துப் பாத்திக்காரர் கிள்ளவில்லை என்றால் நீங்கள் கிள்ளியும் பிரயோசனமில்லை. புழுவுக்கு வரப்பு தெரியாது. தை, மாசியில் வீட்டுக்குப் போக மிஞ்சியது சந்தைக்குப் போகும். 'எந்தத் தெரு காய்?' என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தாண்டிப்போன ஆட்களும் உண்டு.

நான் சொல்ல வந்த விஷயம் சித்திரையில் இருக்கிறது. கிணறு இறங்கிவிடும். மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காது. வாய்க்கால் கிணற்றடியில் தொடங்கி முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி என்று வரிசையாகப் பாயும். 18-ஆவது பாத்திக்குப் போவதற்குள் நின்றுவிடும்.

அந்த 18-ஆவது பாத்தி யாருடையது? சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்மணியுடையது. புருஷன் இல்லாதவர். கடைசிப் பாத்தியை அவருக்கு ஒதுக்கியது ஊர்க்காரன் அல்ல, தோழர்களே. நாம்தான். பட்டியல் எழுதியவன் நான். வங்கிக் குமாஸ்தா கையெழுத்து, வரிசை எண் போட்டு அழகாக எழுதினேன். 17 வரியில் ஆண்கள் பேர். களையெடுத்து, சாம்பல் தூவி, கூடை சுமக்கிற பெண்கள் பேர் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் 'வண்ணாத்தி' என்று எழுதியிருந்தேன். அவருக்கு ஒரு பேர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு சித்திரை அவர் குடத்தில் சுமந்து ஊற்றினார். மூன்றாவது சித்திரை விட்டுவிட்டார். ஏன் பாத்தி காய்கிறது என்று கேட்டேன். "தண்ணி வந்தா பாயும் சாமி, வரலன்னா நான் யார கேக்கறது?" என்றார். ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்த என் ஆயாவின் குரல் அது. எதிரே நின்றவன் நான்.

கூட்டம் போட்டோம். கடைமடையிலிருந்து பாய்ச்சலாம் என்றேன். சித்தப்பா எழுந்தார். "காஞ்ச வாய்க்கா பாதி தண்ணிய குடிச்சிடும்டா. வேலை தெரியாம பேசாத." அவர் சொன்னது உண்மை. எனக்குப் பதில் இல்லை. என் அத்தைதான் சொன்னார்: "வீணா போற தண்ணி எல்லாரு பங்குலயும் போவட்டும். அவ ஒருத்தி பங்குல மட்டும் ஏன் போவணும்?"

அன்றிலிருந்து கோடையில் கடைமடைக்கு முதல் தண்ணீர். ஆடிக்கு ஆடி சீட்டுக் குலுக்கிப் பாத்தி மாற்றுகிறோம். மறுவருஷம் எவனுக்கோ போகிற பாத்திக்கு நான் ஏன் எரு போடவேண்டும் என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. எருவையே பொதுவாக்கி, குழியிலிருந்து பாத்திக்கு இத்தனை கூடை என்று அளந்து போடுகிறோம். பட்டியலைப் பெண்கள் பேரில் திருத்தி எழுதினேன். கிணற்றடிப் பாத்திக்காரர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஒருவர் அடுத்த ஆடிக்குத் திரும்பினார். இன்னொருவர் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண், பருத்தித் தோட்டத் தொழிலாளி. வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காக 1962-இல் வேலையை விட்டு விரட்டப்பட்டார். 1969-இல் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணை என்று கூட்டுறவு தொடங்கினார். அடுப்பு எரியாத வீட்டை மிரட்டுவது சுலபம் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். காய்கறி விளைத்ததோடு, வளர்க்கப் பெண்பன்றிகளையும் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பேரே பன்றி வங்கி. நான் வேலை பார்ப்பதும் வங்கியில்தான். பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடன் இல்லை என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிற உத்தியோகம். எங்கள் தோட்டத்தில் விதை வங்கி நடக்கிறது. ஆடியில் ஒரு கைப்பிடி வாங்கினால், காய் முற்றியதும் இரண்டு கைப்பிடி திருப்பவேண்டும். ஜாமீன் கேட்பதில்லை.

போன மாசியில் விதைக் கணக்கு வாசித்தேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏந்தம்பி, அவரையில ஒரு கைப்பிடி என் பேர்ல ஏறல." 18-ஆவது பாத்தியில் இருந்த அதே பெண்மணி. நோட்டைப் பார்த்தேன். தப்பு என்னுடையது. அவர் பேருக்கு நேரே திருத்தினேன். அவர் 'சாமி' என்று சொல்லாததைப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் கவனித்தேன்.

விளிம்பு, விளிம்பு என்று கட்டுரைகளில் எழுதுகிறோம். நிலமீட்புப் போராட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மீட்ட பிறகும் போங்கள். வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நடந்து பாருங்கள். முடிகிற இடத்தில் இருப்பது யார் பாத்தி என்று கேளுங்கள். பேர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.